43 மில்லிகிராம் ரிப்பன்: ஒரு சின்ன ட்வீட்டர் செய்த அனுபவம்

ஒலி எழுப்பும் அலுமினியத் தாளின் எடை 43 மில்லிகிராம். அதைச் சுற்றி நிற்கும் இரும்பும் காந்தமும் சேர்ந்து ஏறக்குறைய 900 கிராம். முதல் ரிப்பன் ட்வீட்டரை (மெல்லிய உலோகப் பட்டையால் உச்ச ஸ்வரங்களை எழுப்பும் ஸ்பீக்கர்) முடித்து மேசையில் வைத்தபோது, எறும்பை இழுக்க யானையைக் கட்டியது போலத்தான் இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே 5 அங்குல வூஃபர் (கீழ் ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர்) போட்ட, புத்தக அலமாரியில் அடங்கும் அளவிலான ஒரு ஜோடி பெட்டிகள் இருந்தன. அவற்றின் டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர்களில் ஒன்று செத்துவிட்டது. புதிது வாங்கிப் போட்டிருந்தால் அரை மணி நேர வேலை. ரிப்பன் செய்து பார்க்கலாமே என்று தோன்றியதில் நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்தில் தாளோடு மல்லுக்கட்டியது ஒரு வாரம்கூட இருக்காது. மிச்ச நாளெல்லாம் தாளுக்கு வெளியே மின்சாரம் ஓடும் பாதையில் ஒளிந்திருந்த நுண்ணிய மின்தடைகளை, மில்லி ஓம்களை, தேடிப் பிடிப்பதிலேயே கழிந்தது. ரிப்பன் செய்ய நினைப்பவர்கள் தாளைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் பயந்தேன்.

தத்துவம் எளியது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்று தொங்குகிறது. அதன் நீளவாக்கில் மின்சாரம் பாய்ந்தால் பட்டை முன்னும் பின்னும் அசைகிறது. சாதாரண ஸ்பீக்கரில் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. பட்டைதான் காயில், பட்டைதான் கூம்பு. 25 மி.மீ. டோம் ஒன்றின் அசையும் எடை சுமார் 300 மில்லிகிராம் என்றால் இங்கே அதில் ஏழில் ஒரு பங்குதான். இது புது விஷயமும் இல்லை. 1920-களிலேயே ஜெர்மனியில் வால்ட்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் ரிப்பன் மைக்கை உருவாக்கினார்கள். அதையே தலைகீழாக ஓட்டினால் ஸ்பீக்கர். 1980-களில் அப்போஜி நிறுவனம் ஆள் உயர ரிப்பன் ஸ்பீக்கர்களை விற்றது. அதில் ஒரு மாடலின் மின்தடை 1 ஓம் அளவுக்கு இறங்கும். பல ஆம்ப்ளிஃபையர்களுக்கு அதுவே பெரிய சோதனை. என் ரிப்பனின் மின்தடை 0.03 ஓம். இந்த ஒற்றை எண்ணைச் சுற்றியேதான் கதை முழுக்க ஓடப்போகிறது.

அளவை முடிவு செய்வது

நீளம் 120 மி.மீ., அகலம் 10 மி.மீ. இதற்குக் காரணம் உண்டு. அகலம் கூடினால் உச்ச ஸ்வரங்கள் பக்கவாட்டில் பரவாது. 20 கிலோ ஹெர்ட்ஸில் அலைநீளம் 17 மி.மீ.; பட்டை அதைவிடக் குறுகலாக இருந்தால் அறையின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் சத்தம் போய்ச் சேரும். அகலத்தைக் குறைத்தால் காற்றைத் தள்ளப் பரப்பு போதாது, அதை நீளத்தில் ஈடுகட்ட வேண்டும். நீளம் கூடினால் செங்குத்துத் திசையில் கற்றை குறுகும், பெட்டியும் பெரிதாகும். சின்னப் பெட்டிக்குள் அடக்க வேண்டும் என்பதால் 120-இல் நிறுத்தினேன். இதிலும் ஒரு நஷ்டம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

தாளுக்குக் கடைகளில் தேடவேயில்லை. சமையலறை ஃபாயில்தான். ஆனால் அதன் தடிமன் உறையில் போட்டிருக்காது, சாதாரண மைக்ரோமீட்டரில் நம்பும்படி அளக்கவும் வராது. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். 10 செ.மீ. சதுரமாகப் பத்துத் துண்டு வெட்டி, நகை எடை போடும் சின்னத் தராசில் வைத்தேன். 3.2 கிராம். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். ஆக, தடிமன் 12 மைக்ரான். கணக்குப் போட்டால் பட்டையின் மின்தடை சுமார் 31 மில்லி ஓம், எடை 43 மில்லிகிராம். மடிப்பு போட்டால் நீளம் குறையும் என்பதால் 132 மி.மீ. தாள் தேவைப்படுவதையும் சேர்த்துத்தான் இது.

வெட்டுவதில் ஒரே விதி: ஒரே இழுப்பு. கண்ணாடித் தட்டின் மேல் ஒரு காகிதம், அதன் மேல் ஃபாயில், அதற்கும் மேலே இன்னொரு காகிதம், எல்லாவற்றையும் அழுத்தி ஓர் இரும்பு அளவுகோல். பிரித்த புது பிளேடு. பாதியில் கை நின்றால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். பிறகு ஒரு நாள், பாட்டு நடுவே, அந்த இடத்தில்தான் பட்டை அறும். வெட்டிய ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் எந்தப் பட்டையையும் இனி மாட்டுவதில்லை என்று மூன்றாவது பட்டை அறுந்த அன்று முடிவெடுத்தேன்.

தட்டையான பட்டையை அப்படியே மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு முறை பார்த்தேன். சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவது போல ஒரு சலசலப்பு. பட்டைக்குக் குறுக்கே சின்னச் சின்ன மடிப்புகள் வேண்டும். அப்போதுதான் அது நீளவாக்கில் ஸ்பிரிங் போல நெகிழும், இயல்பான ஒத்ததிர்வும் (பட்டை தானாகவே அதிகம் ஆடும் அதிர்வெண்) கீழே இறங்கும், அகலவாக்கில் விறைப்பும் கிடைக்கும். பற்பசைக் குழாயைக் கடைசி வரை பிழிய இரண்டு பல் உருளைகள் கொண்ட ஒரு கைக்கருவி வரும். அதற்குள் காகிதத்தோடு சேர்த்து ஃபாயிலை விட்டால் ஒரே சீரான மடிப்பு வந்துவிடும். உருளைகளை ரொம்ப இறுக்கியதில் முதல் பட்டை ஆழமாக மடிந்து நான்கில் ஒரு பங்கு நீளத்தை விழுங்கிவிட்டது. எடையும் கூடியது, மின்தடையும் கூடியது. திருகைத் தளர்த்தி, நீளம் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையும்படி பிடித்தேன்.

காந்தம், இரும்பு, விரல்

40 மி.மீ. நீளம், 10 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன் கொண்ட என்42 ரக நியோடிமியம் கட்டைகள், பக்கத்துக்கு மூன்று. நடுவே 11 மி.மீ. இடைவெளி. பட்டைக்கு இரு ஓரமும் அரை மி.மீ. காலி இடம்.

ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று காந்தங்களுக்கும் துருவம் ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் அவை ஒன்றையொன்று தள்ளும். இரும்புப் பட்டையில் ஒட்டிக்கொண்டே நழுவி ஓடும். தம்பியை ஒரு முனையில் மரக்கட்டையோடு நிறுத்தி, மறுமுனையில் நான் கிளாம்ப் போட்டு இறுக்கி, எபாக்ஸி காயும் வரை இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒன்று துள்ளி எதிர்ப்பக்கத்தில் போய் டப்பென்று அடித்து மூலை உடைந்தது. "அண்ணா, அடுத்தது என் விரல்தான்" என்றான். அவன் சொன்னது நடக்கவில்லை. என் விரல்தான் மாட்டியது, நகம் கறுத்து இரண்டு மாதம் இருந்தது. இந்தக் காந்தங்களைக் கையாளும்போது மரக்கட்டையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடி என்று நான் சொல்வது கண்ணில் போடுவதை. உடையும்போது சில்லு தெறிக்கும்.

காந்தங்களுக்குப் பின்னால் 'ப' வடிவத்தில் இரும்பு யோக் (காந்தப்புலம் வெளியே போகாமல் சுற்றி வர வழிவிடும் சட்டம்) வைத்தேன். பக்கங்களும் பின் தகடும் முதலில் 3 மி.மீ. இரும்பு. ஒட்டி முடித்ததும் யோக்கின் வெளிப்புறத்தில் குண்டூசியை வைத்துப் பார்த்தேன், கெட்டியாக ஒட்டிக்கொண்டது. காந்தப் பாயம் இரும்புக்குள் அடங்காமல் வெளியே கசிகிறது என்று அர்த்தம், இரும்பு நிறைந்துவிட்டது. 6 மி.மீ. தகட்டில் மறுபடி செய்தேன். குண்டூசி லேசாகச் சாய்ந்தது, ஒட்டவில்லை.

இடைவெளியில் எவ்வளவு டெஸ்லா இருக்கிறது? காந்தப்புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் கையில் இல்லை. ஒரு டிஜிட்டல் தராசு போதும். யோக்கைப் படுக்க வைத்து, தராசின் மேல் ஓர் உயரமான மரக்கட்டை வைத்து, அதன் மேல் யோக். தராசைத் தொடாத ஒரு தாங்கியிலிருந்து நேரான செம்புக் கம்பியை இடைவெளிக்குள் நீளவாக்கில் இறக்கி, 2 ஆம்பியர் நேர்மின்சாரம் விட்டேன். கம்பியின் மேல் விழும் விசை எதிர்விசையாகத் தராசில் தெரியும். யோக் மாட்டாமல் வெறும் காந்தத்தோடு 8, 9 கிராம் மாறியது. 6 மி.மீ. யோக்கோடு 11 கிராம். 11 கிராம் என்றால் சுமார் 0.108 நியூட்டன், அதை 2 ஆம்பியராலும் 0.12 மீட்டராலும் வகுத்தால் 0.45 டெஸ்லா. மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் அதே அளவு மறுபக்கம் மாற வேண்டும். மாறினால் அளவு சரி. இந்தப் பரிசோதனை எனக்கு மொத்த வேலையிலேயே பிடித்த பகுதி. பள்ளியில் இடது கை விதி என்று மூன்று விரலை விரித்து மனப்பாடம் செய்தது தராசில் கிராமாக வந்து நிற்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

காந்தத்தின் மேல் உள்ள நிக்கல் முலாம் மின்சாரம் கடத்தும். பட்டை ஓரம் அதைத் தொட்டால் அந்தத் துண்டு ஷார்ட் ஆகிவிடும். அதனால் காந்த முகங்களில் மெல்லிய பாலிமைடு டேப் ஒட்டினேன். இடைவெளிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தூளை எடுக்கக் குழந்தைகள் பொம்மை செய்யும் களிமண்தான் சரி. ஒற்றி எடுத்தால் வந்துவிடும். யோக்கை அறுத்த மேசையிலேயே ரிப்பனை மாட்ட உட்கார்ந்தது என் முட்டாள்தனம். இரண்டு நாள் ஒற்றி எடுத்தேன்.

மில்லி ஓம்கள்

அலுமினியத்தில் சால்டர் எளிதில் பிடிக்காது. பட்டையின் முனையை மூன்று மடிப்பாக மடித்து, இரண்டு செம்புத் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகால் இறுக்குவதுதான் வழி. இறுக்கிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் 0.3 ஓம் காட்டும். அது மீட்டரின் சொந்தக் கம்பியின் தடை. இந்த வேலைக்கு மல்டிமீட்டரின் ஓம் பகுதி உதவாது. பட்டை வழியே சரியாக 1 ஆம்பியர் விட்டு, மின்னழுத்தத்தைத் தனி ஊசிகளால் மில்லி வோல்ட்டில் அளக்க வேண்டும். எத்தனை மில்லி வோல்ட்டோ அத்தனை மில்லி ஓம்.

பட்டையில் மட்டும் 31. கணக்கோடு பொருந்தியது, சந்தோஷம். செம்புத் துண்டுக்கு வெளியே ஊசியை வைத்தால் 52. இரண்டு முனைகளிலும் சேர்த்து 21 மில்லி ஓம் வெறும் தொடுமுனையில் போகிறது. ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு செம்பைச் சூடாக்கத்தான். செம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தையும் லேசாகச் சுரண்டி, காற்றுப் புகாமல் இருக்க ஒரு துளி கிரீஸ் தடவி, ஒரு திருகுக்குப் பதில் இரண்டு திருகு போட்டேன். 21 என்பது 4 ஆனது.

இனி டிரான்ஸ்ஃபார்மர். 0.03 ஓமை நேராக ஆம்ப்ளிஃபையரில் மாட்ட முடியாது, அதற்கு அது ஷார்ட் போலத்தான். பட்டை, தொடுமுனை, கம்பி எல்லாம் சேர்ந்து 40 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 14-க்கு 1 என்ற சுற்று விகிதம் அதை 196 மடங்காக்கி 8 ஓமுக்குப் பக்கத்தில் கொண்டுவரும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்து முதன்மைச் சுற்று 28, பட்டைப் பக்கத்து இரண்டாம் சுற்று 2. ஒரு ஃபெரைட் வளையத்தில் சுற்றினேன். மெதுவாகப் பாடும்போது அழகு. சத்தம் கூட்டினால் பெண் குரல்களில் ஒரு கரகரப்பு. பட்டை உரசுகிறது என்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினேன். வளையத்தின் குறுக்குப் பரப்பு 1 சதுர செ.மீ.; 12 வோல்ட், 2 கிலோ ஹெர்ட்ஸ் என்று போட்டுப் பார்த்தால் 0.48 டெஸ்லா வருகிறது. ஃபெரைட் 0.4 டெஸ்லா அளவிலேயே நிறைந்துவிடும். பட்டையின் மேல் பழி போட்ட மூன்று நாளும் வீண். அதே வளையம் இன்னொன்றை மேலே அடுக்கி, இரண்டையும் சேர்த்துச் சுற்றினேன். பாய அடர்த்தி பாதியானது, தூண்டல் இரட்டிப்பாகி 4.7 மில்லி ஹென்றிக்கு வந்தது. கரகரப்பு போயிற்று.

ஓர் எச்சரிக்கை. இந்த டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றுக்கு நேர்மின்தடை கிட்டத்தட்டப் பூஜ்யம். தொடரில் கெபாசிட்டர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் கீழ் ஸ்வரங்களுக்கு அது நேரடி ஷார்ட். சோதனைக்காக ஒரு நிமிடம் என்றுகூட அப்படிச் செய்யாதீர்கள்.

முதல் ஒலியைப் பற்றி ஒரு வேடிக்கை. ஆம்ப்ளிஃபையரில் மாட்டும் முன், முதன்மைச் சுற்றின் இரு முனைகளையும் ஒரு ரெக்கார்டரின் மைக் உள்ளீட்டில் கொடுத்துப் பட்டைக்கு முன்னால் பேசினேன். என் குரல் பதிவானது. கொஞ்சம் பழைய வானொலி போல, ஆனால் தெளிவாக. இந்த ட்வீட்டர் தன் வாழ்க்கையைப் பாடித் தொடங்கவில்லை, கேட்டுத்தான் தொடங்கியது. பட்டை தடையில்லாமல் அசைகிறதா என்று பார்க்க இது நல்ல வழியும்கூட.

வளைகோட்டில் இரண்டு கோளாறுகள்

அளவீட்டு மைக்கை 1 மீட்டரில் வைத்து ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களும் வரும் சோதனை ஒலி) ஓட்டினேன். நடுப்பகுதி நன்றாக இருந்தது. 10 கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிவு தொடங்கி, 18-இல் 3 டெசிபல் கீழே. அது போதாதென்று 8.5 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்.

உச்சத்தில் சரிகிறதென்றால் பட்டை கனம் என்று முதலில் தோன்றும். இன்னும் மெல்லிய தாள் தேடப் போனேன். கிடைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று. கோளாறு தாளில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் அடியில் வைத்து, இரண்டு கம்பிகளை மேலே கொண்டுபோய், ஒன்றைப் பட்டையின் மேல் முனைக்கும் மற்றதைக் கீழ் முனைக்கும் கொடுத்திருந்தேன். பட்டையும் கம்பியும் சேர்ந்து ஒரு பெரிய வளையம். ஒரே ஒரு சுற்றுதானே, அதில் என்ன தூண்டல் இருந்துவிடப் போகிறது என்று விட்டிருந்தேன். ஒற்றைச் சுற்றில் மைக்ரோ ஹென்றியில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும், 20 கிலோ ஹெர்ட்ஸில் அது 40 மில்லி ஓம். பட்டைப் பாதையின் மொத்தத் தடையும் அதே 40 மில்லி ஓம்தான். சாதாரண ஸ்பீக்கரில் யாரும் கண்டுகொள்ளாத கம்பி வளைவு இங்கே பாதிச் சக்தியைத் தின்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரை யோக்கின் முதுகிலேயே ஒட்டினேன். திரும்பிப் போகும் கம்பியை இரண்டாகப் பிரித்து, பட்டையின் இரு பக்கமும் நெருக்கமாக ஓடவிட்டேன். வளையத்தின் பரப்பு சுருங்கியது. இரண்டாம் சுற்றையும் ஒரே தடிமனான கம்பியாக ஒரு மூலையில் சுற்றாமல், 1 சதுர மி.மீ. கம்பிகள் நான்கை எடுத்து வளையத்தின் நான்கு இடங்களில் இரண்டிரண்டு சுற்றாகச் சுற்றி, முனைகளை ஒன்றாகச் சேர்த்தேன். முன்பு இருந்தது 80 செ.மீ. நீள 1.5 சதுர மி.மீ. கம்பி, அதில் மட்டும் 9 மில்லி ஓமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் மாற்றிய பின் 18 கிலோ ஹெர்ட்ஸில் சரிவு 1 டெசிபலுக்குள் வந்தது. பட்டையைத் தொடவேயில்லை.

8.5-இன் பள்ளம் வேறு கதை. பட்டைக்குப் பின்னால் யோக்கின் தகடு 20 மி.மீ. தூரத்தில் நிற்கிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை 20 மி.மீ.யின் இரு மடங்கால் வகுத்தால் 8575 ஹெர்ட்ஸ். பின்பக்கம் போன அலை தகட்டில் மோதித் திரும்பி வந்து பட்டையை அசையவிடாமல் பிடிக்கிறது. எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது எனக்குக் கோபத்தைவிட மரியாதைதான் வந்தது. தகட்டில் வரிசையாக 12 மி.மீ. துளைகள் போட்டேன். பட்டைக்கு நேர் பின்னால் ஆப்பு வடிவில் வெட்டிய கம்பளி ஃபெல்ட் ஒன்று, துளைகளுக்குப் பின்னால் சாய்வான அடிப்பலகை கொண்ட சின்ன மரப் பெட்டி, அதற்குள் தளர்வாகக் கம்பளி. பள்ளம் முழுக்கப் போகவில்லை, 1.5 டெசிபலாகச் சுருங்கியது. துளைகளால் காந்தப்புலம் குறைந்ததா என்று தராசை மறுபடி எடுத்தேன். அரை கிராம் போலக் குறைந்திருந்தது. போகட்டும்.

பட்டையை நடுவில் நிறுத்துவதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம். அறையை இருட்டாக்கி, பின்பக்கத் துளை வழியே டார்ச் அடித்தால் முன்னால் இரண்டு மெல்லிய ஒளிக்கோடுகள் தெரியும். இரண்டும் ஒரே தடிமனில் மேலிருந்து கீழ்வரை நேராக இருந்தால் பட்டை நடுவில் இருக்கிறது. இழுவை எவ்வளவு என்பதற்கு நான் எண் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மேலே மாட்டி, கீழே தளர்வாக விட்டு, மடிப்புகள் விரியத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே இறுக்கிவிடுவேன். ஒத்ததிர்வு 250 ஹெர்ட்ஸுக்கு அருகில் வந்தது. வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் அதிர்வெண்ணான கிராஸ்ஓவரிலிருந்து வெகு தூரம், அது போதும்.

வூஃபரோடு சேர்ப்பது

ரிப்பனில் ஒரு சலுகை உண்டு. அதன் மின்தடை கிட்டத்தட்டத் தூய ஓம்தான், அதிர்வெண்ணோடு அதிகம் மாறாது. அதனால் பாடப்புத்தகச் சூத்திரம் அப்படியே வேலை செய்யும். 3.2 கிலோ ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ள ஸ்வரங்களைத் தடுக்கும் மூன்றாம் படி வடிகட்டி: 3.9 மைக்ரோ ஃபாரட், 0.30 மில்லி ஹென்றி, 12 மைக்ரோ ஃபாரட். ஏன் இன்னும் கீழே இறக்கவில்லை என்றால், ஒரே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியாகும்போது பட்டை நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 1 வாட்டில், 2 கிலோ ஹெர்ட்ஸில், கணக்குப்படி 0.05 மி.மீ. ஆட்டம், 1 கிலோ ஹெர்ட்ஸில் 0.2. சத்தம் கூட்டினால் பட்டை காந்த இடைவெளியின் நடுப்பகுதியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஆர்வக்கோளாறில் 1.5 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு முறை பிரித்துப் பார்த்தேன். டிரம் சோலோ ஒன்றில் இரண்டாவது பட்டை அறுந்தது.

1 மீட்டரில், 2.83 வோல்ட்டுக்கு ட்வீட்டர் 91 டெசிபல் கொடுத்தது. வூஃபர் 86. ஐந்து டெசிபலைக் குறைக்கத் தொடரில் 3.5 ஓம், இணையில் 10 ஓம். அத்தனை மில்லி ஓம்களைத் துரத்தித் துரத்திச் சேமித்துவிட்டு, கடைசியில் ஒரு சிமென்ட் ரெசிஸ்டரில் கொட்டுகிறோம். தம்பி இதைக் கண்டுபிடித்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். பதில் என்னிடம் இருந்தது: அங்கே போவது வெறும் சத்தம், இங்கே மிஞ்சுவது உச்ச ஸ்வரத்தின் சமநிலை. அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்னரே சொன்ன நஷ்டம் இதுதான். 10 கிலோ ஹெர்ட்ஸில் அலைநீளம் 34 மி.மீ., பட்டை 120 மி.மீ. நீளம். மேலும் கீழும் சுமார் 17 டிகிரியில் ஒலி முழுக்க அற்றுப்போகிறது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து நின்றால், காது அரை மீட்டர் உயர்கிறது. 10 கிலோ ஹெர்ட்ஸில் 5 டெசிபல் காணாமல் போகிறது. சிம்பல்களின் மேல் யாரோ துணி போட்டது போல இருக்கும். நின்றுகொண்டே பாட்டுக் கேட்பவர்களுக்கு இது சரிப்படாது. ட்வீட்டரின் நடுவை உட்கார்ந்தவர் காதின் உயரத்துக்கு வைத்தேன், தரையிலிருந்து 95 செ.மீ. பக்கவாட்டில் இந்தக் குறை கிடையாது. சோபாவின் எந்த மூலையிலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

இன்னொரு சிக்கல் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் நடுவே உள்ள தூரம். முகப்புத் தகடு 180 மி.மீ. உயரம் என்பதால் இரண்டின் மையங்களுக்கும் இடையே 15 செ.மீ.க்கு மேல் ஆகிவிட்டது. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் அலைநீளம் 11 செ.மீ.க்குக் கீழே. காதை மேலும் கீழும் நகர்த்தினால் குரலின் நிறம் மாறுவது தெரிகிறது. இதை நான் தீர்க்கவில்லை. முகப்பை 140 மி.மீ.க்குச் சுருக்கி, செம்பு முனைகளைப் பின்பக்கமாக மடித்தால் கொஞ்சம் குறையும். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

எப்படிக் கேட்கிறது? டோம் ட்வீட்டரோடு ஒப்பிட்டால் சிம்பல் அடித்ததும் எழும் ஒலியைவிட, அது அடங்கும் விதத்தில்தான் வித்தியாசம். ஜால்ராவின் கார்வை கடைசி நூல் வரை கேட்கிறது. வீணையில் மீட்டும் விரல் நரம்பைத் தொடும் அந்தச் சின்ன உரசலும்கூட. பதிவு மோசமென்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. பழைய கேசட்டிலிருந்து நானே மாற்றி வைத்திருந்த பாடல்கள் சிலவற்றை இதில் கேட்க முடியவில்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு பழைய ஸ்பீக்கரை வைத்திருக்கிறேன்.

இதுவரை மொத்தம் ஆறு பட்டைகள் போய்விட்டன. மூன்றின் கதையைச் சொல்லிவிட்டேன். ஒன்று தும்மலில் போனது. ஒன்று ஜன்னல் பக்கம் திறந்து வைத்திருந்தபோது வந்த காற்றில். ஒன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வேகமாக மாடியேறியபோது, வெறும் காற்றின் எதிர்ப்பில். அதற்குப் பிறகு முன்னால் மெல்லிய துணியும் அதன் மேல் துளைத் தகடும் வைத்தேன். இடம் மாற்றும்போது முகத்தில் ஓர் அட்டையை ஒட்டிவிட்டுத்தான் தூக்குகிறேன். பன்னிரண்டு மாற்றுப் பட்டைகள், மடிப்புப் போட்டு, இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே, மடிப்பு நசுங்காமல் இருக்க ஓரங்களில் அட்டை வைத்து அலமாரியில் இருக்கின்றன. மாட்டுவதற்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது.

இரண்டாவது ட்வீட்டர் போன வாரம் முடிந்தது. 1 ஆம்பியர் விட்டு ஊசியை வைத்தேன், முனையோடு முனை 41 மில்லி வோல்ட். முதலாவது 35. கீழ்முனைத் திருகுகளைக் கழற்றி, உப்புத்தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.